கொழும்பு மொட்டை மாடியில் துகள் மழை: அண்டக்கதிர்களை அன்ரெனாவால் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டை மாடியில் முதல் அன்ரெனாவை நிமிர்த்திக் கட்டிய அன்று மாலை அது எனக்குப் பிடித்துத் தந்தவை இவை: காலி வீதியில் போகும் ஓட்டோக்களின் தீப்பொறி, மூன்றாம் மாடி வீட்டு எல்ஈடி மின்குமிழின் முனகல், வரிசையாக எஃப்எம் நிலையங்கள், லிஃப்ட் நிற்கும்போதெல்லாம் ஒரு கீறல். வானத்திலிருந்து ஒன்றுமே இல்லை. அன்ரெனாவைக் கட்டினால் வேலை தொடங்கிவிட்டது என்று நினைத்ததுதான் என் பிழை. இந்த வேலையில் அன்ரெனா மூன்றாவது படி. முதலாவது இரைச்சலை அறிவது. இரண்டாவது நம்பகமான ஒரு சாட்சியைத் தேடிக்கொள்வது. நான் தலைகீழாகச் செய்து இரண்டு வருடத்தைத் தொலைத்தேன். நீங்கள் நேராகச் செய்யலாம்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர், பற்றாசு வைக்கத் தெரிந்தவர், பைத்தனில் ஒரு வரைபடம் கீறத் தெரிந்தவர் என்றால் போதும். மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கத் தேவையில்லை. மூன்று நண்பர்கள் சேர்ந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் தூக்குவதற்கும் ஆள் வேண்டும்.

மேலே என்ன நடக்கிறது

1912 ஓகஸ்ட்டில் விக்டர் ஹெஸ் பலூனில் ஐந்து கிலோமீற்றருக்கு மேலே ஏறி, உயரே போகப் போகக் கதிர்வீச்சு கூடுகிறது என்று கண்டார். அது நிலத்திலிருந்து வரவில்லை, வெளியிலிருந்து வருகிறது. அண்டக்கதிர் என்பது இதுதான். 1930களின் இறுதியில் பியேர் ஓஜே துகள் எண்ணிகளை ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, கடைசியில் முந்நூறு மீற்றர் இடைவெளியில் வைத்தும், அவை ஒரே கணத்தில் அடிப்பதைப் பார்த்தார். தனித்தனித் துகள்கள் தற்செயலாக அப்படி வர முடியாது. ஒரே ஒரு துகள் மேலே காற்றில் மோதி, உடைந்து, பெருகி, மழையாக இறங்குகிறது என்பதுதான் விளக்கம். இனி மழை என்று நான் சொல்வது இந்தத் துகள் மழையைத்தான்.

நாம் தேடுவது 10¹⁷ இலத்திரன்வோல்ற் அளவுள்ள துகள்களை. இது எவ்வளவு என்று கையில் பிடித்துப் பார்க்க வேண்டுமானால், ஒன்றரைக் கிராம் கல்லை ஒரு மீற்றர் உயரத்துக்குத் தூக்கும் சக்தி. சின்னதுதான். ஆனால் அது முழுவதும் ஒரே ஒரு புரோத்தனுக்குள் இருக்கிறது. அந்தப் புரோத்தன் காற்றில் ஒரு நைதரசன் கருவில் மோதினால் பயோன்கள் என்ற அற்பாயுள் துகள்கள் பிறக்கும். அவற்றிலிருந்து மியூவோன்கள் (இலத்திரனின் பாரமான உறவு), காமாக் கதிர்கள். காமாவிலிருந்து இலத்திரன் - பொசித்திரன் சோடிகள். அந்தச் சோடிகளிலிருந்து திரும்பவும் காமா. நிலத்திலிருந்து மூன்று நான்கு கிலோமீற்றர் உயரத்தில் மழை உச்சத்தை அடையும்போது கோடிக்கணக்கான துகள்கள் கிட்டத்தட்ட ஒளிவேகத்தில் ஒன்றாக வந்துகொண்டிருக்கும்.

அந்தக் கூட்டத்தின் வடிவம் அப்பம் மாதிரி. நடுவில் அடர்த்தி, ஓரத்தில் மெல்லிசு, விளிம்பு சற்று மேலே வளைந்திருக்கும். நடு முந்தி நிலத்தைத் தொடும், ஓரம் பிந்தித் தொடும். தடிப்பு சில மீற்றர், அகலம் நூற்றுக்கணக்கான மீற்றர். இந்த உவமையை மறக்காதீர்கள், பிறகு தேவைப்படும்.

இந்த அப்பத்திலிருந்து வானொலி அலை எப்படி வருகிறது? காந்தப்புலத்தில் ஓடும் ஏற்றத்தின் மீது விசை தொழிற்படும் என்று உயர்தரத்தில் படித்தோமே, அதேதான். பூமியின் காந்தப்புலம் இலத்திரன்களை ஒரு பக்கமும் பொசித்திரன்களை மறுபக்கமும் தள்ளுகிறது. ஓட்டத்துக்குக் குறுக்கே ஒரு மின்னோட்டம் உண்டாகி, மழை வளர வளரக் கூடி, அடங்க அடங்கக் குறைகிறது. மாறும் மின்னோட்டம் அலையை வீசும். சமிக்ஞையின் பெரும்பங்கு இதுதான். மிச்சம், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, 1962இல் குர்கென் அஸ்கார்யன் சொன்ன இன்னொரு வழியில் வருகிறது: மழை போகும் வழியில் காற்றணுக்களிலிருந்து இலத்திரன்களைத் தட்டி எடுத்துச் செல்வதாலும் பொசித்திரன்கள் அழிந்துபோவதாலும் கூட்டத்தில் மறையேற்றம் மிஞ்சுகிறது.

அப்பத்தின் தடிப்பு சில மீற்றர் என்றேன். அதைவிட நீளமான அலைகளுக்கு, அதாவது சுமார் 100 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே, எல்லாத் துகளின் வீச்சும் ஒரே கட்டத்தில் சேரும். ஆகவே வீச்சம் துகள் எண்ணிக்கைக்கு நேர்விகிதம், எண்ணிக்கை முதல் துகளின் சக்திக்கு ஏறக்குறைய நேர்விகிதம். துடிப்பு சில பத்து நானோசெக்கனில் முடிந்துவிடும். மேலிருந்து செங்குத்தாக வரும் மழை ஒன்று நிலத்தில் சில நூறு மீற்றர் அகலமான வட்டத்தை நனைக்கும். காற்றின் முறிவுச்சுட்டி ஒன்றைவிடச் சொற்பம் கூட என்பதால், மையத்திலிருந்து ஏறக்குறைய நூறு மீற்றர் தூரத்தில் ஒரு வளையமாக அலை இன்னும் கூர்மையாகும்.

கொழும்புக்குக் கிடைத்த ஒரு சலுகை

ஐரோப்பியக் குழுக்கள் எழுதியதை வைத்து நான் முதலில் அன்ரெனாவின் திசையைத் தீர்மானிக்கப் பார்த்தேன். அவர்களுடைய காந்தப்புலம் தெற்கு வானிலிருந்து சற்றுச் சரிந்து, கிட்டத்தட்டச் செங்குத்தாக நிலத்துக்குள் குத்துகிறது. அதனால் தலைக்கு மேலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் மழை புலத்தோடு கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வந்து, வலிமையை இழக்கிறது. பிரான்சின் நான்சேயில் அன்ரெனாக்களால் மழை தேடும் கொடலெமா குழு தெற்கைவிட வடக்கிலிருந்து வரும் மழைகளையே அதிகம் பிடித்ததற்குக் காரணம் இதுதான்.

நமக்கு அப்படி இல்லை. கொழும்பு காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. 1963இல் இந்தியா முதல் ரொக்கெட்டை ஏவ கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்ததும் இதே கோட்டுக்காகத்தான். இங்கே புலம் சில பாகை மட்டும் சரிந்து, வடக்கு நோக்கிப் பாய்போலத் தட்டையாகக் கிடக்கிறது. அளவு ஏறக்குறைய 40 மைக்ரோரெஸ்லா. ஆர்ஜென்டீனாவில் பியேர் ஓஜேயின் பெயரில் உள்ள பெரிய அண்டக்கதிர் நிலையத்தில், ஓஜே நிலையத்தில், அது 24 தான்.

இதிலிருந்து இரண்டு முடிவு. தலைக்கு மேலிருந்து இறங்கும் மழை புலத்தைச் செங்குத்தாக வெட்டுவதால் விசை உச்சம்; கிழக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ எவ்வளவு சரிந்து வந்தாலும் அதே உச்சம்தான். வடக்கு, தெற்கு அடிவானங்களிலிருந்து வருவது மட்டும் புலத்தோடு ஓடி மங்கும். இரண்டாவது, மேலிருந்து வரும் அலையின் மின்புலம் கிழக்கு மேற்காக அசையும். ஆகவே அன்ரெனாவின் கைகள் கிழக்கு மேற்காக நீள வேண்டும். திசைகாட்டியின் ஊசிக்குச் செங்குத்தாக வைத்தால் சரி. வரைபடத்து வடக்கைத் தேடித் திருத்தம் போடாதீர்கள். நமக்கு வேண்டியது காந்த வடக்கேதான்.

எத்தனை கிடைக்கும் என்ற கணக்கு

கையைச் சுடும் பகுதி இது, ஆனாலும் முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. 3×10¹⁵ இலத்திரன்வோல்ற்றுக்கு மேலே சதுர மீற்றருக்கு வருடத்துக்கு ஒரு துகள் வரும். அதைவிட ஆயிரம் மடங்கு மேலே போனால் சதுர கிலோமீற்றருக்கு வருடத்துக்கு ஒன்று என்ற நிலை. 10¹⁷ இடையில் இருக்கிறது: சதுர கிலோமீற்றருக்கு வருடத்துக்கு ஆயிரத்தை ஒட்டி. உங்கள் அன்ரெனாவைச் சுற்றி நூறு மீற்றர் ஆரை வட்டம் என்று வைத்தால் அது 0.03 சதுர கிலோமீற்றர். வருடத்துக்கு முப்பது. மாதத்துக்கு இரண்டு மூன்று.

இது அமைதியான இடத்துக்கான கணக்கு. 10¹⁷ மழையின் துடிப்பு, மையத்துக்குக் கிட்ட, மீற்றருக்கு நூறு மைக்ரோவோல்ற் அளவில்தான் இருக்கும். நகரத்தின் இரைச்சலில் அது மூழ்கினால் இன்னும் பெரிய மழைக்குக் காத்திருக்க வேண்டும்; சக்தி பத்து மடங்கு கூடினால் எண்ணிக்கை ஏறக்குறைய நூறில் ஒன்றாகும். வெள்ளவத்தை மாடியில் ஒரு வருடத்தில் ஒன்றே ஒன்று சுத்தமாகக் கிடைத்தாலும் நான் கொண்டாடுவேன். அப்படியானால் ஏன் கொழும்பில் செய்ய வேண்டும்? கருவியைக் கட்டி, உடைத்து, திரும்பக் கட்டிப் பழக வீட்டு மாடியை விடச் சிறந்த இடம் இல்லை. பழகியபின் அதை எங்கே கொண்டுபோவது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் படி: இரைச்சலைக் கேளுங்கள்

ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற சிறிய யூஎஸ்பி வானொலி வாங்கி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பட்டை அகலம் 2.4 மெகாஹேர்ட்ஸ்தான்; நானோசெக்கன் துடிப்பு அதற்குள் 400 நானோசெக்கனாகப் பரந்து தட்டையாகிவிடும். மழையைப் பிடிக்க உதவாது. ஆனால் சுற்றாடலை வேவு பார்க்க இதைவிட மலிவான கருவி கிடையாது. ஒரு சாதாரணக் கம்பியை இணைத்து 30 முதல் 80 மெகாஹேர்ட்ஸ் வரை மெதுவாகத் துழாவுங்கள். ஏன் இந்தப் பட்டை? முப்பதுக்குக் கீழே சிற்றலை ஒலிபரப்புகளும் தூர மின்னல்களும். எண்பதுக்கு மேலே எஃப்எம். ஆர்ஜென்டீனாவின் ஏரா அன்ரெனாத் தொகுதி, நெதர்லாந்தின் லோஃபார் வானொலித் தொலைநோக்கி இரண்டும் மழை தேடும்போது இதே சந்துக்குள்தான் வேலை செய்கின்றன.

ஒரு நாளில் முடிக்காதீர்கள். அதிகாலை 3 மணி, பாடசாலை விடும் நேரம், மாலை ஏழு மணி, ஒரு போயா தினம் என்று நான்கு வேளையாவது பதியுங்கள். எங்கள் மாடியில் மாலை ஏழுக்கு இரைச்சல் தளம், அதாவது எப்போதும் இருக்கும் அடிமட்ட இரைச்சல், எழும்பி நிற்கும். வீடுகளில் விளக்குப் போடும் நேரம். கைபேசிச் சார்ஜர், எல்ஈடி, சூரிய மின் இன்வேட்டர், எல்லாமே மின்னோட்டத்தை வேகமாக வெட்டி வெட்டி ஒட்டும் ஆளிச் சுற்று மின்வழங்கிகள். எல்லாமே இந்தப் பட்டையில் கத்தும். ஒன்றில் மட்டும் நமக்கு அதிர்ஷ்டம். கரையோர ரயில் டீசலில் ஓடுகிறது. மின்ரயில் ஓடும் நகரங்களில் கம்பியும் கரியும் உரசும் தீப்பொறி பெரிய தலைவலி.

மின்வெட்டு வந்தால் ஓடிப்போய்ப் பதியுங்கள். ஒருமுறை முழு ஒழுங்கையும் இருண்டபோது திரையில் தளம் கிணற்றுக்குள் கல் விழுந்ததுபோல இறங்கியது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து செக்கனில் பக்கத்துக் கட்டடத்தின் ஜெனரேட்டர் உறுமியது, தளம் பாதி தூரம் திரும்பி ஏறியது. அந்தப் பத்து செக்கன் பதிவை இன்னும் வைத்திருக்கிறேன். உங்கள் இடத்தில் மனிதன் இல்லாவிட்டால் வானம் எப்படி இருக்கும் என்பதற்கு அதுதான் அளவுகோல்.

இரண்டாம் படி: சாட்சி

1965இல் ஜெல்லியும் கூட்டாளிகளும் இங்கிலாந்தின் ஜொட்ரல் பாங்கில் முதன்முதலாக இந்தத் துடிப்புகளைக் கண்டார்கள், 44 மெகாஹேர்ட்ஸில். அவர்கள் அன்ரெனாவை நம்பியிருக்கவில்லை. கைகர் எண்ணிகள் ஒரே நேரத்தில் அடித்தால் மட்டும் அன்ரெனாவின் பதிவைப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான பதிவுகளில் தெளிவான துடிப்பு பத்துச் சொச்சம்தான். ஆனால் அந்தப் பத்துச் சொச்சத்துக்கும் சாட்சி இருந்தது. நகரத்தில் அன்ரெனா தனியாகச் சொல்வதை ஒருபோதும் நம்பாதீர்கள்; ஓட்டோவின் தீப்பொறியும் நானோசெக்கன் துடிப்புத்தான்.

சின்ன எண்ணி போதாது. 10¹⁷ மழையில் மையத்திலிருந்து நூறு மீற்றர் தள்ளி, சதுர மீற்றருக்குச் சில பத்துத் துகள்கள் விழும். உள்ளங்கை அளவு மினுக்கித் தட்டு (துகள் பட்டால் மினுங்கும் தட்டு) வைத்தால் பெரும்பாலும் தப்பிவிடும். கால் சதுர மீற்றராவது வேண்டும். பிளாஸ்டிக் மினுக்கியும் சிலிக்கன் ஒளிபெருக்கியும் வரவழைக்க முடிந்தால் அது சுத்தமான வழி.

நான் போன வழி வேறு. கொழும்பில் எந்த மாடியில் ஏறினாலும் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி நிற்கும். ஓஜே நிலையத்தின் 1,600க்கு மேற்பட்ட உணரிகளும் தண்ணீர்த் தாங்கிகள்தான், ஒவ்வொன்றிலும் 12,000 லீற்றர். தண்ணீருக்குள் ஒளி போகும் வேகத்தைத் துகள் மிஞ்சி ஓடும்போது நீல ஒளி கசியும், அதை மங்கிய ஒளியையும் மின் துடிப்பாக மாற்றும் ஒளிபெருக்கிக் குழாய் பார்க்கும். விட்டம் ஒரு மீற்றர் உள்ள தாங்கியின் உட்புறத்தை வெள்ளை டைவெக் தாளால் போர்த்தி, மூடியில் குழாயைக் கவிழ்த்து வைத்து, ஒளி ஊசிமுனை அளவும் புகாமல் அடைக்க வேண்டும். வெயில் நேரத்தில் குழாய்க்கு மின் கொடுத்து எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் ஓட்டை இருக்கிறது. குழாய்க்கு ஆயிரம் வோல்ற் அளவில் தேவை; ஈரக் கையோடு அதன் பக்கம் போக வேண்டாம். குடிதண்ணீர்த் தாங்கியில் இதைச் செய்யக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

தாங்கி சரியாக வேலை செய்கிறதா என்று மியூவோன்களே சொல்லும். கடல் மட்டத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்பது கைக்கணக்கு. ஒரு மீற்றர் விட்டத்துக்கு செக்கனுக்கு ஏறக்குறைய 130. கொழும்பில் சற்றுக் குறைவாக வந்தால் கலங்க வேண்டாம். 1920களின் இறுதியில் ஜாக்கப் கிளே நெதர்லாந்துக்கும் ஜாவாவுக்கும் இடையே கப்பலில் உணரியோடு போய், நடுக்கோட்டை நெருங்கக் கதிர்வீச்சு குறைவதைக் கண்டார். சக்தி குறைந்த துகள்களை நமது தட்டைப் புலம் வெளியிலேயே திருப்பிவிடுகிறது.

இப்படி மூன்று. முக்கோணமாக, முப்பது மீற்றர் இடைவெளியில். ஒரே மாடியில் இடம் போதாவிட்டால் பக்கத்துக் கட்டடத்தைக் கேளுங்கள், அல்லது பாடசாலை மைதானம். முப்பது மீற்றரை ஒளி கடக்க 100 நானோசெக்கன். ஆகவே மூன்றும் 100 நானோசெக்கனுக்குள் அடித்தால் மட்டும் பதி என்று சுற்றை அமையுங்கள். தற்செயலாக அப்படி நடக்க எவ்வளவு வாய்ப்பு? மூன்று வீதங்களின் பெருக்கத்தை நேரச் சாளரத்தின் வர்க்கத்தாலும் மூன்றாலும் பெருக்குங்கள்: 130ஐ வைத்தால் ஆறு மாதத்துக்கு ஒன்று அளவில் வரும். இரண்டே தாங்கி என்றால் மணிக்குப் பன்னிரண்டு. மூன்றாவது தாங்கிக்குச் செலவழிக்க யோசிப்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சாட்சி தயாரானதும் ஒரு மாதம் அன்ரெனா இல்லாமலே ஓடவிடுங்கள். பெரும்பாலானவை சிறிய மழைகளாகவே இருக்கும், வானொலியில் தெரியாதவை. மூன்று தாங்கியிலும் பத்துப் பதினைந்து துகளுக்குச் சமமான ஒளி விழுந்தவற்றைத் தனிக் கோப்புறையில் போடுங்கள். வேட்டை அந்தக் கோப்புறையில்தான்.

மூன்றாம் படி: அன்ரெனா

லோஃபாரின் தாழ்பட்டை அன்ரெனா பார்வைக்கு அவ்வளவு எளிமை: ஒரு பிவிசி தூண், அதன் உச்சியிலிருந்து நான்கு பக்கமும் கூடாரக் கயிறுபோல இறங்கும் செப்புக் கம்பிகள், கீழே மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர் கம்பி வலை. ஒவ்வொரு கையும் ஏறக்குறைய 1.4 மீற்றர். எதிரெதிர்க் கைகள் இரண்டும் ஒரு சோடி. ஒரு சோடி கிழக்கு மேற்கு, மற்றது வடக்கு தெற்கு. இரண்டும் வேண்டும், காரணம் கடைசியில் வரும். ஒரு கைக்கு ஒரே கம்பிக்குப் பதில் மூன்றை விசிறிபோல விரித்துக் கட்டினால் பட்டை அகலும். வலைக்குக் கோழிக்கூட்டு வலை தாராளம். மூன்றாம் மாடி அக்கா ஏறிவந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது உடுப்புக் காயப்போடுற கம்பியோ?" என்று கேட்டார். இல்லை என்று விளக்கி முடிப்பதற்குள் ஒரு காகம் அதில் வந்து குந்தியது. கொழும்புக் காகம் குந்தாமல் இருக்க உச்சியில் ஒரு கேபிளைக் கட்டி வைக்கலாம். வேறு மருந்து எனக்குத் தெரியாது.

கம்பியின் அடியில் கேபிளையே ஃபெரைட் வளையங்களுக்குள் சில சுற்றுச் சுற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கேபிளின் வெளியுறையே கட்டடத்தின் முழு இரைச்சலையும் பொறுக்கி மேலே கொண்டுவரும். என் அன்ரெனாவில் லிஃப்ட் கேட்டதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அடுத்தது வடிகட்டி. விரியலாக்கிக்கு முன்னால் வடிகட்டியைப் போட்டால் சமிக்ஞை குறையும், இரைச்சல் கூடும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். இங்கே அதைப் பொருட்படுத்த வேண்டாம். 50 மெகாஹேர்ட்ஸில் பால்வீதியின் இரைச்சலே ஐயாயிரம் கெல்வினுக்கு மேலே. உங்கள் வடிகட்டி சில நூறு கெல்வினைச் சேர்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் வடிகட்டி இல்லாமல் கொழும்பு எஃப்எம் நேரே விரியலாக்கிக்குள் போனால் அது திணறி, இல்லாத அலைகளைப் பெற்றுப் போடும். எனவே 88 முதல் 108 வரை வெட்டும் வடிகட்டி முதலில், விரியலாக்கி பிறகு, 30 முதல் 80 வரை விடும் வடிகட்டி அதற்குப் பிறகு. இதே காரணத்தால் விலை உயர்ந்த, மிகக் குறைந்த இரைச்சல் விரியலாக்கியைத் தேடி அலைய வேண்டாம். சாதாரணமானது போதும்.

கேபிள்: புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் டிஷ் அன்ரெனாவுக்கு விற்கும் ஆர்ஜி-6. தடை 75 ஓம், உங்கள் கருவி 50 ஓம். அந்தப் பொருத்தமின்மையால் போவது சொற்பம். எல்லாக் கேபிளையும் ஒரே நீளத்தில் வெட்டுங்கள். ஒரு மீற்றர் வித்தியாசம் நான்கு நானோசெக்கன். இணைப்புகளைச் சிலிக்கனும் ரப்பர் ரேப்பும் போட்டு மூடுங்கள். கடற்காற்றில் செம்பு ஒரே பருவத்தில் பச்சை பிடிக்கும்.

மின்னலைப் பற்றி விளையாட்டு வேண்டாம். ஏப்ரலிலும், திரும்ப ஒக்ரோபர் நவம்பரிலும், பின்னேரமானால் இடி. கேபிள் மாடியிலிருந்து உள்ளே நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பியைப் போட்டு, தடித்த கம்பியால் கட்டடத்தின் புவித்தொடுப்போடு இணையுங்கள். முழக்கம் கேட்டால் கேபிளைக் கழற்றிவிட்டுக் கீழே இறங்குங்கள். தரவுக்கும் அதனால் நட்டமில்லை. இடிமேகத்தின் மின்புலம் மழையின் துகள்களை இழுத்துத் தள்ளி, துடிப்பின் வடிவத்தையே மாற்றிவிடும். ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 அண்டக்கதிர் உணரி 2014 டிசம்பர் 1 அன்று ஒரு இடிமேகத்தில் 1.3 கிகாவோல்ற் இருந்ததை மியூவோன்களை வைத்தே அளந்தது. அவர்களுக்கு அது கண்டுபிடிப்பு. நமக்கு அது குப்பையில் போடவேண்டிய நாள்.

பதிவு

80 மெகாஹேர்ட்ஸ் வரை பார்க்க செக்கனுக்கு 160 மில்லியனுக்கு மேல் மாதிரிகள் வேண்டும். நான்கு வாய்க்கால் உள்ள, 200 மில்லியன் எடுக்கும் எண்முறை ஒசிலோஸ்கோப் ஒன்று இருந்தால் வேலை முடிந்தது: கிழக்கு மேற்கு ஒன்றில், வடக்கு தெற்கு ஒன்றில், தாங்கிகளின் கூட்டு ஒன்றில், மூன்று தாங்கியும் ஒன்றாக அடித்ததைச் சொல்லும் மும்மைச் சமிக்ஞை தூண்டலுக்கு, அதாவது பதிவைத் தொடங்கிவைக்க. ரெட் பிட்டாயா பலகை செக்கனுக்கு 125 மில்லியன்தான் எடுக்கும். அதோடு போவதென்றால் மேல் எல்லையை 55 மெகாஹேர்ட்ஸுக்கு இறக்கிவிடுங்கள். தூண்டலுக்கு முன் பத்து மைக்ரோசெக்கன், பின் பத்து என்று சேமியுங்கள். முன்பகுதி ஏன் என்று பிறகு புரியும். எட்டு பிட் கருவியானால் வானத்தின் இரைச்சல் நான்கைந்து படிகளை மட்டும் ஆட்டும்படி பெருக்கத்தை வையுங்கள்; அதைவிடக் கூட்டினால் பெரிய துடிப்பின் தலை வெட்டுப்படும்.

அன்ரெனா உண்மையில் வானத்தைப் பார்க்கிறதா?

இந்தச் சோதனையைத் தாண்டாமல் மழை தேடப் போகாதீர்கள். சுத்தமான ஒரு சிறு பட்டையைத் தேர்ந்து, அதன் சராசரி வலுவை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் பதியுங்கள். பால்வீதியின் மையம் தெற்கே 54 பாகை உயரத்தில் நம் வானைக் கடக்கும். ஐரோப்பாவில் அது அடிவானத்தை ஒட்டித் தவழும். அது மேலே வரும்போது தளம் மெல்ல எழும்ப வேண்டும். அந்த எழுச்சி தினமும் 4 நிமிடம் முந்தி வந்தால், மாதத்தில் இரண்டு மணி நேரம் முந்தினால், அது நட்சத்திரங்களின் மணிக்கூட்டில் ஓடுகிறது. தினமும் ஒரே நேரத்தில் வந்தால் அது மனிதர்களின் மணிக்கூடு. யாரோ விளக்குப் போடுகிறார்கள். என் மாடியில் அதிகாலை இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் மட்டும்தான் பால்வீதி தெரிந்தது. ஆகவே அந்த இரண்டு மணி நேரத்தின் பதிவுகளை மட்டும் நம்புகிறேன். நேரம் பன்னிரண்டில் ஒன்றாகக் குறைந்துவிட்டது என்பதை மறைக்க மாட்டேன்.

தரவைப் படிப்பது

பைத்தனில் நம்பை (NumPy), சைபை (SciPy) என்ற இரண்டு நூலகங்களும் போதும். ஒவ்வொரு பதிவையும் ஃபூரியர் மாற்றம் செய்து, அதாவது அதிர்வெண்களாகப் பிரித்து, ஒடுக்கமாக நீண்டு நிற்கும் கோடுகளை வெட்டுங்கள், அவை நிலையங்கள். திரும்ப நேரத்துக்கு மாற்றி, துடிப்பின் மேல்விளிம்பைக் காட்டும் ஹில்பேர்ட் உறையை எடுங்கள். கேபிள் தாமதங்களைக் கழித்தால், மழையின் துடிப்பு தாங்கிகள் அடித்த கணத்துக்கு நூறு நானோசெக்கன் அளவுக்குள் இருக்க வேண்டும். அந்தச் சிறு சாளரத்துக்குள் மட்டும் உச்சத்தைத் தேடுங்கள்.

உச்சம் கிடைத்ததும் துள்ளாதீர்கள். தூண்டலுக்கு முந்திய பத்து மைக்ரோசெக்கனில் அதே அகலமுள்ள நூறு சாளரங்களை வெட்டி, அவற்றிலும் அதே உயரத்துக்கு உச்சம் வருகிறதா என்று எண்ணுங்கள். நூறில் மூன்றில் வந்தால் உங்கள் துடிப்பும் அந்த மூன்றின் சகோதரம்தான்.

அதையும் தாண்டினால் இரண்டு சோடிகளையும் ஒப்பிடுங்கள். இதற்காகத்தான் வடக்கு தெற்குக் கம்பியைக் கட்டினோம். தலைக்கு மேலிருந்து வந்த மழையானால் கிழக்கு மேற்கில் பெரிதாகவும் மற்றதில் சிறிதாகவும் இருக்க வேண்டும். வடக்கு தெற்கில் தெரியும் மிச்சம் அஸ்கார்யனின் பத்தில் ஒரு பங்காக இருக்கலாம். இரண்டிலும் சமமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மூன்று தாங்கிகளும் அடித்த நேரங்களைத் தனித்தனியே பதிந்திருந்தால், மழை எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை அவற்றின் வித்தியாசம் சுமாராகச் சொல்லும். அப்பத்தின் விளிம்பு பிந்தும் என்பதால் சில பாகை பிழை இருக்கும். நான்கு அன்ரெனா வரை வளர்ந்தால் வானொலியில் தனியாகத் திசை கணிக்கலாம். அப்போது அடிவானத்தில் ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வருபவை யாவும் யாரோ ஒருவரின் மின்மோட்டார்.

இந்த அளவுக்கு வந்தவர்கள் கருவியைக் கழற்றி ஊருக்குக் கொண்டுபோகலாம். வன்னியில் வயல் நடுவே உறவினர் வீடு இருந்தால், சூரிய மின்கலம் வேண்டாம், கார் பற்றரியில் ஓட்டுங்கள். உயரம் தேடி மலைநாட்டுக்கு ஏற வேண்டியதில்லை. மழையின் உச்சம் மூன்று நான்கு கிலோமீற்றரில். அலை கீழே வரும் வழியில் காற்றில் உறிஞ்சப்படாது. அமைதிதான் முக்கியம், வயல் போதும்.

கடைசி வேலை ஒன்று. உங்கள் நல்ல பதிவுகள் முப்பதை எடுத்து, தாங்கிகள் அடிக்காத நேரத்தில் வேண்டுமென்றே பதிந்த எழுபதோடு கலந்து, கோப்புப் பெயர்களை ஒன்று முதல் நூறு வரை மாற்றி, எதுவும் சொல்லாமல் நண்பரிடம் கொடுங்கள். துடிப்பு எங்கே தெரிகிறது என்று அவர் எழுதித் தரட்டும். நான் கொடுத்தபோது நண்பர் பதினொன்றைக் குறித்துத் தந்தார். சாவியைத் திறந்து பார்த்தோம்: பத்து, எழுபதுக்குள் இருந்தவை. மிஞ்சிய ஒன்று அதிகாலை 2.40க்குப் பதிந்தது, கிழக்கு மேற்கில் மூன்று மடங்கு பெரிது. அதை வைத்துக்கொண்டு இரண்டாவதுக்காகக் காத்திருக்கிறேன்.